தடை போட்டவர் ஆரையம்பதியில் இறங்கினார்

பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஈரான் மீது அமெரிக்கா மேலும் தடை விதித்திருப்பதாக ரேடியோவில் செய்தி போனது.

"தடை போட்டா ஒருத்தரும் பணியமாட்டாங்க மச்சான். நானும் போட்டுப் பார்த்திட்டன்," என்றார் முன் சீற்றில் இருந்தவர். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. ஒட்டுக்கேட்பது சரியா என்று யோசித்துக்கொண்டே கேட்டேன்.

"அக்காவோட பத்து நாளாக் கதைக்கல்ல என்ன அத்தான்?"

"கதைக்கவுமில்ல, அவட சோத்தத் தின்னவுமில்ல. களுவாஞ்சிகுடியில அம்மாட வீட்ட போயிட்டன்."

"ஆரையம்பதி வீடு அக்காட சீதனம். தடை போட்டவரே வெளியில நிக்கிறத இப்பதான் காணுறன்."

"சிரிக்காத. அமெரிக்காவும் ஈரானும் நேராக் கதைக்கிறல்ல. ஓமான் நாடுதான் நடுவில சேதி கொண்டு போகும். நீ ஓமானா நில்லு."

"ஓமான் நேத்தே கதைச்சிட்டுது. அக்காட்ட ஒரு நிபந்தனைதான் இரிக்கு."

"மன்னிப்புக் கேக்கணுமோ?"

"வேணாமாம். வந்து, 'சோறு போடு' எண்டு உங்கட வாயால கேட்டாப் போதுமாம்."

ஆரையம்பதியில் பஸ் நின்றதும், களுவாஞ்சிகுடிக்கு டிக்கட் எடுத்திருந்த அவர்தான் முதலில் இறங்கினார்.

"என்ன கறியாம்?" என்று கீழே நின்று மைத்துனரைக் கேட்டார்.