தானம் கொடுத்த வண்டி

மதிப்பிற்குரிய வண்டிப் பதிவு அலுவலருக்கு,

என் மனைவி வாரம் தவறாமல் ஓட்டிக்கொண்டிருந்த காரை, அவள் ஓட்ட ஓட்டவே, அவளுக்குத் தெரியாமல் பதினான்கு மாதத்தில் முழுதாகத் திருடி முடித்தேன். வடக்கு யார்க்‌ஷயரில் இதைச் செய்து காட்டியவன் நான் ஒருவன்தான். மற்ற திசைகளிலும் யாரும் இருக்க முடியாது. மேலே உள்ள சிறை முகவரியைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இங்கே கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருகிறார்கள், ஆனால் தருகிறார்கள்.

என் பெயர் டெஸ்மண்ட் சக்டன். ஓய்வு பெற்ற எரிவாயுக் குழாய்ப் பணியாளன். நான் கட்டி முடித்த கிட் காருக்கு 'க்யூ' எழுத்தில் தொடங்கும் எண் பலகை தரப் போவதாக எழுதியிருந்தீர்கள். அது நியாயமல்ல என்று விளக்கவே இதை எழுதுகிறேன்.

கிட் கார் உங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டிலேயே கட்டிக்கொள்வது. உடம்பு பெட்டியில் வரும். உயிரை வேறொரு காரிலிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுக்கப்படும் காரை நாங்கள் தானம் கொடுத்த வண்டி என்போம். முக்கிய உறுப்புகள் எல்லாம் ஒரே வண்டியின் தானம் என்று நிரூபித்தால் அந்த வண்டியின் வயதுக்கேற்ற கௌரவமான பலகை. இல்லையென்றால் 'க்யூ'. ஊர் பேர் தெரியாத வண்டி என்று அர்த்தம். எங்கள் கிட் கார் கிளப்பில் க்யூ பலகைக் கார் ஒன்று வரிசையில் வந்து நின்றால், பக்கத்தில் இருப்பவர்கள் மடக்கு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நாற்காலி மட்டும் நகரும்.

நான் வாங்கிய கிட் கார் ஒரு கோழிப் பண்ணையில் பதினெட்டு வருஷம் கிடந்தது. முன்னால் கட்டியவர் எஞ்சினை ஒரு வண்டியிலும் கியர்பாக்ஸை இன்னொன்றிலும் பொறுக்கியிருந்தார். பின் அச்சு எங்கிருந்து வந்தது என்று அவருடைய விதவைக்கே தெரியவில்லை. கோழிகள் எஞ்சினுக்குள் முட்டையிட்டிருந்தன. அதில் ஒன்றை நான் வேகவைத்துச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு ஒரே வண்டி வேண்டியிருந்தது, நல்ல வண்டி. வாசலில் என் மனைவி பெரிலின் சிவப்புக் கார் நின்றது. அதே வகை எஞ்சின், அதே கியர்பாக்ஸ். பெரில் வாரத்தில் ஒரு நாள்தான் அதை எடுப்பாள். வியாழக்கிழமைகளில் முதியோர் மதிய உணவுக்கு இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுபோக. மற்ற ஆறு நாளும் அது சும்மா நின்றது. இதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

பெரில் தன் அக்காவைப் பார்க்க ஸ்கார்பரோவுக்குப் பஸ்ஸில் போன பத்து நாளில் எஞ்சினை மாற்றினேன். கோழி எஞ்சினில் பிஸ்டன்கள் இறுகிப் போயிருந்தன. முன்கூட்டியே டீசல் ஊற்றி மூன்று வாரம் ஊற வைத்து, மரக்கட்டையை வைத்து அடித்து அடித்து அசைத்து, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து அவள் காரில் வைத்தேன். அவளுடைய எஞ்சினைச் சமையலறை மேசையில் பிரித்தேன். வால்வுகள் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இரண்டு முறை குளித்தன. பிஸ்டன்களை அடுப்பில் சூடாக்கிக் குறுக்கு முளையைச் செருகினேன். புது வளையங்கள், புது பேரிங்குகள். எந்த பேரிங் மூடி எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்துக்குப் போக வேண்டும்; நான் வரிசை எண்ணிட்டுப் பழைய செய்தித்தாளில் அடுக்கினேன். ஒரு போல்ட்டுகூட மிச்சம் இல்லை. அடுப்பையும் துடைத்து வைத்தேன்.

அவள் வந்து காரைக் கிளப்பியதும், "என்ன டெஸ், இருமுது?" என்றாள்.

"குளிர்" என்றேன்.

அதன் பிறகு கியர்பாக்ஸ். அதன் பிறகு ஸ்டீயரிங். ஒவ்வொன்றுக்கும் அவள் தன்னையே பழக்கிக்கொண்டாள். "வயசாயிடுச்சு, கை வலுவில்ல" என்று ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவாள். நான் அவளுக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கி இருக்கையில் போட்டேன். என் அக்கறையை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பிரேக்கைக் கடைசியில்தான் தொட்டேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. ஜூலையில் வருடாந்திரச் சோதனை. அதில் கார் தேறிய மறுநாள் காலையில்தான் கழற்றினேன். பதிலுக்கு மாட்டிய கோழிப் பண்ணை பிரேக் டிஸ்க்குகள் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன என்பது உண்மை. ஆனால் ஸ்டீப்பிள் மேட்டில் இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லி அவளுக்குப் பாடமே எடுத்தேன். "பிரேக்கை நம்பாதே, கியரை நம்பு" என்றேன். ஏழு வியாழக்கிழமை அந்தப் பாடம் வேலை செய்தது.

எட்டாவது வியாழக்கிழமை பெரில் பாதிரியாரின் கண்ணாடிக் குடிலுக்குள் போய் நின்றாள். போட்டிக்காக அவர் வளர்த்த தலையணை அளவு வெங்காயங்கள் பதினொன்று நசுங்கின. பெரிலுக்கு ஒரு கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் முதலில் சொன்னது, "என் தப்புதான் டெஸ். கால் எங்கயோ அழுத்திடுச்சு. இனி நான் காரைத் தொட மாட்டேன்" என்பது. அழுதாள். நான் கையைப் பிடித்து "பரவாயில்லை" என்றேன். அவள் அங்கே இருந்த ஒன்பது நாளும் நல்ல வெயில். வாசலுக்கு இழுத்து வந்திருந்த அவள் காரிலிருந்து பின் அச்சு அப்போதுதான் கிடைத்தது.

பெரில் வீட்டுக்கு வந்ததும் போலீஸ் சார்ஜென்ட் அக்ராய்ட் என்ற பெண்மணி வாக்குமூலம் எழுத வந்தார். பெரில் மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டி, தவறு தன்னுடையது, உரிமத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன், கார் முழுசாகப் பழைய இரும்புக்குப் போகட்டும் என்றாள். அந்த 'முழுசாக' எனக்கு உறுத்தியது. கார் முழுசாக நசுக்கப்பட்டது என்று உங்கள் ஏட்டில் ஏறினால், என்னிடம் இருக்கும் எஞ்சின் எந்த வண்டியின் தானம்? க்யூ. என் மனைவியின் பெயர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரில் சிரித்துவிட்டாள். "எழுதாதீங்க சார்ஜென்ட். ஜாம் பாட்டில் தொறக்க என்னைக் கூப்பிடற ஆளு இது. எஞ்சின் ஆயிலைக் கண்ணாடி தொடைக்கற தண்ணித் தொட்டியில ஊத்தின ஆளு. நான் மாட்டிக்கக் கூடாதுன்னு பொய் சொல்றார், பாவம்."

"அந்த ஆயில் பழைய கதை" என்றேன்.

"ரெண்டு தடவை ஊத்தினீங்க, மனுஷா!"

சார்ஜென்ட் பேனாவை மூடப் போனார். ஆகவே இருவரையும் கராஜுக்கு அழைத்துப் போனேன். பெரில் ஊன்றுகோலோடு வந்தாள். நாற்பது வருஷத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. "பரவாயில்லையே, பளபளன்னு வெச்சிருக்கீங்க" என்றாள். நான் கிட் காரின் முன்மூடியைத் தூக்கினேன்.

அவளுடைய எஞ்சினுக்கு நான் மறுபடி பெயின்ட் அடித்தபோது, மேல் மூடியை மட்டும் தொடவில்லை. தானம் கொடுத்த வண்டியின் அடையாளத்தை எங்களில் யாரும் அழிக்க மாட்டோம். அந்த மூடியில், ஆயில் ஊற்றும் வாய்க்குப் பக்கத்தில், ஆறு வருஷத்துக்கு முன் பெரில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு அம்பு வரைந்து எழுதியிருந்தாள்: 'இங்கே, முட்டாளே.'

பெரில் குனிந்தாள். விரல் நகத்தால் ஒரு எழுத்தைச் சுரண்டிப் பார்த்தாள்.

"டெஸ்" என்றாள். "பிரேக்குமா?"

"பிரேக்கும்."

அவள் அழவில்லை. சார்ஜென்ட் பக்கம் திரும்பி, "நிஜந்தான். செஞ்சிருக்கார்" என்றாள். "இது என் வண்டி. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். பதிவு உரிமையாளரே நேரில் அடையாளம் காட்டிய அந்த வாக்குமூலத்தின் முத்திரையிட்ட நகலை இத்துடன் இணைத்துள்ளேன். இனி 'க்யூ'வுக்கு இடமில்லை என்று நம்புகிறேன்.