நேற்று நான் சொன்னது தப்பு

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, பழுது என்று அழைப்பு வந்தால் பாதிச் சோற்றில் கைகழுவி ஓடும் லிஃப்ட் பழுதுபார்ப்போர் சங்கத்துப் பெரியோர்களே, அப்படி ஓடியவர்களின் தட்டை மூடி வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இங்கே நிற்க வேண்டியவர் என் கணவர். இருபது மாடி உயரத்தில் நின்று கம்பிவடம் மாற்றும் மனிதர், இந்த நான்கு படி ஏற நடுங்குகிறார். "நீதான் தமிழ் டீச்சராச்சே, நீயே போய் பேசிடு" என்றார். வந்துவிட்டேன். மூன்றாம் வரிசையில் குனிந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், எழுந்து போய்விடுவார்.

இணையத்தில் தொழில் உறவை வளர்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டில் நடந்தது மட்டுமே.

பதினேழு ஆண்டு அவர் உழைத்த நிறுவனம் ஒரு வெள்ளிக்கிழமை மூடப்பட்டது. மறுநாளே தொழில்முறை வலைத்தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கினார். இருநூறு பேருக்கு ஒரே செய்தி: "வணக்கம் ஐயா, வேலை இருந்தால் சொல்லவும்." பதில் வந்ததா? இரண்டு வந்தன. ஒன்று காப்பீடு விற்பவர். இன்னொன்று அவரைப் போலவே வேலை தேடுபவர்.

என் தங்கை ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தாள். கல்யாணத்தில் கறுப்புக் கண்ணாடியோடு எடுத்த படம். கீழே, 'பல்துறை வித்தகர்.'

"மாமா, இதைப் பார்த்தா உங்களை லிஃப்ட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க, கச்சேரிக்குத்தான் கூப்பிடுவாங்க" என்றாள். சிரிக்கிறீர்கள். அன்று அவர் சிரிக்கவில்லை.

படம் மாறியது. வித்தகர் போனார், 'லிஃப்ட் மெக்கானிக், பதினேழு ஆண்டு அனுபவம்' வந்தது. "வேலை கேக்காதீங்க மாமா. யாராவது சந்தேகம் கேட்டா, தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்றாள். லிஃப்ட் தொழிலாளர் குழு ஒன்றில் அவரைச் சேர்த்தும் விட்டாள்.

அந்தக் குழுவில் மருத்துவமனைப் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர், ஒரு பெண்மணி, கேட்டிருந்தார். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு மூடப் போகிறது, திறந்துகொள்கிறது; மறுபடி மூடப் போகிறது, மறுபடி திறந்துகொள்கிறது. என்ன காரணம்?

என் கணவர் உடனே எழுதினார்: "கதவு பெல்ட் தளர்ந்திருக்கும். மாத்துங்க."

மாற்றினார்கள். அன்று பகல் முழுக்க லிஃப்டை நிறுத்தி மாற்றினார்கள். நோயாளிகளைப் படிக்கட்டில் தூக்கிப் போனார்கள். மறுநாள் அந்த அம்மா எழுதினார்: "மாத்திட்டோம். சரியாகல."

ஆயிரம் பேர் பார்க்கும் இடம் அது.

"அழிச்சிடுங்க மாமா. யாருக்கும் தெரியாது" என்றாள் ஆள் எடுக்கும் தங்கை.

நானும் அதைத்தான் சொன்னேன். வாய்மை வாய்மை என்று வகுப்பில் பாடம் நடத்தும் நானும் அதைத்தான் சொன்னேன்.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். "படியில தூக்கிட்டுப் போயிருக்காங்கடி" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுத்தெழுத்தாகத் தட்டினார்:

"நேற்று நான் சொன்னது தப்பு. நேரில் பார்க்காமல் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள், எந்த நேரத்தில் இப்படி ஆகிறது?"

"மதியம் மூணு மணிக்கு மேல."

"மூணாவது மாடியில மேற்கே பார்த்த ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"ஒரு அட்டையை வச்சு மறைச்சுப் பாருங்க. கதவோரத்துல இருக்கற சென்சார் கண்ணுல வெயில் விழுந்தா, யாரோ குறுக்க நிக்கறாங்கன்னு நினைச்சுக்கும்."

மறைத்தார்கள். கதவு மூடியது.

பதினோரு நாள் கழித்து, குழுவில் ஒரு வார்த்தையும் பேசாத ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. பெரிய பராமரிப்பு நிறுவனத்தின் மேலாளர். நேர்முகத்தில் என் கணவர், "அந்த வெயில் விஷயத்தைப் பார்த்துக் கூப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க. அது தெரிஞ்சவங்க என்கிட்டயே நாலு பேர் இருக்காங்க. 'நான் சொன்னது தப்பு'ன்னு சொல்ற ஆளைத்தான் தேடிட்டு இருந்தேன்" என்றாராம்.

அன்பர்களே, தோழர்களே! அந்த வலைத்தளத்தில் வெற்றிக்குப் பஞ்சமா? விருதுக்குப் பஞ்சமா? மாலைக்கும் மேடைக்கும் பஞ்சமா? பஞ்சம் நம்பிக்கைக்குத்தான். நாம் பொருத்தும் லிஃப்ட் கதவுக்குள் நம்பி நுழைகிறவர் நம் முகம் பார்த்ததில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் பார்த்ததில்லை. முகம் தெரியாதவரிடமும் முறையாக நடந்துகொள்ளுங்கள். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், தவறினால் தவறினேன் என்று, சொன்ன இடத்திலேயே சொல்லுங்கள். உறவு தானாக வளரும்.

அந்த மருத்துவமனை அம்மாவும் இன்று வந்திருக்கிறார். இருவரும் முதன்முதலாகச் சந்தித்தது இன்று காலை, இந்த மண்டப வாசலில். வணக்கம் சொன்னார்கள். அடுத்து என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. பிறகு அந்த அம்மா கேட்டார்: "ஐயா, இப்ப அஞ்சாவது மாடியில ஒரு சத்தம் வருது."

அரை மணி நேரம் பேசினார்கள். நான் தனியாக வந்து உட்கார்ந்துகொண்டேன்.

செவி தந்த உங்களுக்கும், இடம் தந்த சங்கத்துக்கும், படியேற மறுத்து இந்த வாய்ப்பை எனக்குத் தந்தவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.