ஆலைத் தெருக் காத்து

— பக்கெட்டை இப்படிக் குடுங்க. துணியை நானே காயப்போட்டுக்கறேன்.

— வேணாம் வேணாம், இந்த வெயில்ல உனக்கு எதுக்கு? லீவு நாள்ல கூட ஒரு இடத்துல உக்கார மாட்டியா நீ?

— கல்யாணமானதுல இருந்து குடிச்ச டம்ளரைக் கூடக் கழுவி வைக்காத ஆளு நீங்க. ஆறு மாசமா தலையணை உறையை உதறி, ஓரத்தை நீவி, கிளிப் மாட்டிக் காயப்போடறீங்க.

— பொண்டாட்டிக்கு உதவி பண்றது ஒரு குத்தமா?

— குத்தமே இல்ல. மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் எதிர் வீட்டு மாடிக்கு யாராவது பொண்ணு வருதான்னு எட்டிப் பாத்தேன்.

— அட கடவுளே!

— ஒரு பெரியவர் பனியனோட குனிஞ்சு நிமிர்ந்துட்டு இருந்தாரு. அந்த சந்தேகம் அன்னைக்கே போச்சு.

— அப்பாடா. பொழைச்சேன்.

— வேற சந்தேகம் வந்துச்சு. நம்ம மாடிக் கதவுக்குப் பூட்டு எதுக்கு?

— பூனை வருதும்மா. மேல எல்லாத்தையும் அசிங்கம் பண்ணுது.

— பூனை மதில் ஏறி வருமா, கதவைத் திறந்துட்டு வருமா? சாவியைக் குடுங்க.

— நான் சொல்றதக் கேளு.

— கேக்கறேன். சொல்லுங்க.

— கத்தக் கூடாது.

— கத்தல. சொல்லுங்க.

— சிகரெட். விட்டுட்டேன்னு உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன்ல? முழுசா விடல. துணி காயப்போடற சாக்குல ஒண்ணே ஒண்ணு. போதுமா? பூட்டு, சாவி எல்லாம் அதுக்குத்தான்.

— தெரியும்.

— தெரியுமா? ஏலக்காய் மென்னுட்டுத்தானே இறங்கறேன்! வாசனை வந்துச்சா?

— எனக்கு வரல. ஆலைத் தெரு மெஷினுக்கு வந்துச்சு.

— என்னது?

— சரி, உக்காருங்க. உங்க வேலை என்ன?

— விளையாடறியா?

— சொல்லுங்களேன்.

— காத்துல எவ்வளவு புகை, எவ்வளவு தூசின்னு அளக்கற பெட்டிகளைத் துடைச்சு, ரிப்பேர் பாக்கறது. ஊர் பூராத் தெருத்தெருவா மாட்டி வெச்சிருக்கோம். இது உனக்குத் தெரியாதா?

— என் வேலை?

— எல்லா ஆபீஸ் கணக்கையும் ஒரே இடத்துல கோக்கறது. காத்து, தண்ணி, குப்பை, காடு எல்லாம். யாரு வேணா போன்ல தட்டி, தன் தெரு எப்படி இருக்குன்னு பாத்துக்கலாம். நாளைக்குத் திறப்பு விழா. இதைத்தான் வருஷக்கணக்கா சாப்பிடறப்பக் கூடக் கேக்கறேனே!

— கரண்ட் கணக்கை விட்டுட்டீங்க.

— கரண்ட்டுக்கும் காத்துக்கும் என்ன சம்பந்தம்?

— பெட்டி திடீர்னு நின்னா, ரிப்பேரா, கரண்ட் இல்லையான்னு தெரிய வேணாமா? அதனால எந்தத் தெருவுல எப்ப கரண்ட் போச்சுங்கறதையும் சேர்த்துக் கோத்தேன். கோத்துப் பாத்தா, ஆலைத் தெருப் பெட்டி நிக்கறப்பல்லாம் ஆலைத் தெருவுல கரண்ட் இருக்கு. அது ஃபேக்டரி லைன், அங்க போறதே இல்ல.

— மெஷின்னா அப்படி இப்படித்தான் இருக்கும். யானைக்கும் அடி சறுக்கும்.

— சரி, வெச்சுக்குவோம். ஆனா நம்ம தெருவுல கரண்ட் போறப்பல்லாம் கரெக்டா நிக்குதே, அது ஏன்?

— எனக்கு எப்படித் தெரியும்?

— பக்கத்து வீட்டுக்காரர் சருகு கொளுத்தி ஊரே இருமிச்சுல்ல? அன்னைக்கு ஆலைத் தெரு நம்பர் எகிறிப் போச்சு. ஊருக்கு அந்தக் கோடியில இருக்கற தெரு! அப்புறம் தினமும் காலைல ஒரு சின்ன எகிறல். ஒரு சிகரெட் அளவு. லீவு நாள்ல மட்டும் லேட்டா வருது. உங்களை மாதிரியே.

— நான் சொல்றதக் கேளு...

— சாவி.

— தொட்டியடியில இருக்கு. தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன்.

— சாவியா?

— பெட்டி.

— ஐயோ! நான் தப்பாக் கணக்குப் போட்டிருக்கணும்னு நேத்து முழுக்க வேண்டிக்கிட்டேங்க. பேங்க்குல வேலை பாக்கறவன் வீட்டுல பெட்டகம் இருந்த கதையால்ல இருக்கு!

— மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு.

— மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? எவ்வளவு வாங்கினீங்க?

— ஒரு பைசா வாங்கல. உன் அக்கா பாப்பா மேல சத்தியமா.

— பாப்பா பேரை எடுக்காதீங்க!

— சரி, எடுக்கல. ஆனா வாங்கல. போன வருஷம் என்னாச்சுன்னு நினைச்சுப் பாரு. அந்தப் பெட்டி காத்து மோசம்னு தொடர்ந்து சிவப்பு காட்டிச்சு, ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டாங்க. அந்தத் தெருவுலயே இருந்து, அங்கயே வேலை பாக்கற உன் அக்கா வீட்டுக்காரரே ஒரு மாசம் வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டு இருந்தாரே. தெருவுல பாதிப் பேருக்கு அதான் சோறு. பெட்டி மேல கல்லெறிஞ்சாங்க. சாக்கைப் போட்டு மூடினாங்க. நான் ரிப்பேர் பாக்கப் போனா என்னைச் சுத்தி நின்னு முறைக்கறாங்க.

— அதனால கழட்டி நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்க.

— கொஞ்ச நாளைக்குன்னுதான் நினைச்சேன். அது எங்க இருந்தாலும் 'நான் ஆலைத் தெரு'ன்னுதான் நம்பர் அனுப்பும். அதுக்கு என்ன கண்ணா இருக்கு?

— உங்களுக்கு இருக்குல்ல? உங்க தலையாட்டி ஆபீசருக்குத் தெரியுமா?

— பச்சையா இருந்தா அவரு எதையும் கேக்க மாட்டாரு.

— ஃபேக்டரி மேனேஜர் சொன்னாரா?

— இல்ல.

— நடுத்தெருவுல கம்பத்துல ஏறி அவ்வளவு பெரிய பெட்டியைக் கழட்டியிருக்கீங்க. தனியா முடியாது. ஏணி பிடிச்சது யாரு?

— யாரோ. தெருவுல இருக்கறவங்கதான்.

— யாரு?

— அது இப்ப எதுக்கு?

— யாரையோ காப்பாத்தறீங்க. உங்க மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு.

— விடும்மா. போனது போச்சு.

— என்ன போச்சு? பாப்பாவுக்கு விடிய விடிய இழுப்பு. அக்கா வாரா வாரம் போன் பண்றா. 'எங்க தெரு நம்பர் என்னடி சொல்லுது'ன்னு கேக்கறா. நான் அந்தப் பச்சையைப் பாத்துட்டு, 'காத்து நல்லாத்தான்க்கா இருக்கு, வீட்டுத் தூசியா இருக்கும், தலையணையை மாத்து'ன்னு சொன்னேன். தலையணையை மாத்தச் சொன்னேங்க! நம்ம மாடிக் காத்தைப் பாத்துட்டு, அந்தக் குழந்தைக்கு வைத்தியம் சொல்லியிருக்கேன்!

— அழாத.

— அழல. எரியுது. 'இங்க வந்து இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த மெஷினை நம்பித்தானே விட்டேன்? உங்களை நம்பித்தானே மெஷினை நம்பினேன்?

— நாளைக்கு என்ன பண்ணப் போற?

— எல்லாக் கணக்கும் சரின்னு கையெழுத்துப் போட வேண்டியவ நான். போட மாட்டேன். ஆலைத் தெரு நம்பர் பொய், பெட்டி அந்தத் தெருவுலயே இல்லன்னு இன்னைக்கே எழுதிக் குடுக்கப் போறேன்.

— என் வேலை போயிடும்.

— போகும்.

— கேஸ் போடுவாங்க.

— போடட்டும்.

— இவ்வளவு சாதாரணமாச் சொல்ற! தாலி கட்டினவன் உள்ள போனாலும் பரவாயில்லையா உனக்கு?

— பரவாயில்லன்னு யாரு சொன்னா? ஆனா நாளைல இருந்து ஊரே அந்த நம்பரைப் பாக்கும். 'பச்சைதான், இங்கயே குடி இருக்கலாம்'னு எத்தனை பேரு குழந்தையோட வருவாங்க? பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா?

— ஒரே ஒரு வாரம் குடு. பெட்டியைத் திரும்ப அங்கயே மாட்டிடறேன். ஒருத்தருக்கும் தெரியாது.

— எனக்குத் தெரியும். அக்காவுக்கும் சொல்லத்தான் போறேன். சே, என் வாயில ஒண்ணும் ஒழுங்கா வரல. 'உன் தங்கச்சி புருஷன்தான் உன் குழந்தைக்கு இத்தனை நாளா...' எப்படிச் சொல்றது இதை?

— அவங்ககிட்ட மட்டும் இப்ப பேசாத. நான் சொல்றதக் கேளு.

— ஏன்? அவ மூஞ்சியில முழிக்கப் பயமா இருக்கா?

— அதில்ல.

— பின்ன என்ன?

— வாக்குக் குடுத்திருக்கேன்.

— யாருக்கு? பாருங்க, திரும்பவும் முழுங்கறீங்க. சிகரெட்டைச் சொல்லிப் பெட்டியை மறைச்சீங்க. பெட்டியைச் சொல்லி எதை மறைக்கறீங்க?

— போன் அடிக்குது பாரு.

— பேச்சை மாத்தாதீங்க... அக்காதான். நாளைக்குத் திறக்கறோம்னு சொல்லியிருந்தேன். நம்பர் கேக்கத்தான் கூப்பிடறா. இதோ, இப்பவே சொல்லிடறேன்.

— எடுக்காத!

— கையை விடுங்க. அவ, 'நாசமாப் போறவனே'ன்னு உங்களைத் திட்டினா, நின்னு வாங்கிக்கங்க.

— திட்ட மாட்டாங்க.

— ஏன் திட்ட மாட்டா?

— ஏணி பிடிச்சது யாருன்னு கேட்டல்ல?

— ஆமா. யாரு?

— 'சீக்கிரம் கழட்டுங்க, பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்துருவா'ன்னு சொல்லிக்கிட்டே ஏணியைப் பிடிச்சது உன் அக்காதான். பச்சை மாறிடலையேன்னு பாக்கத்தான் வாரா வாரம் நம்பர் கேக்கறாங்க.