கிருமிகளுக்கு ஒரு கரண்டி பாசுந்தி

எங்கள் வீட்டுப் பந்தியிலிருந்து யாரும் அரைவயிற்றோடு எழுந்து போனதில்லை, சாகேப். போதும் என்பவரின் கையைப் பிடித்து, என் மேல் ஆணை என்று சொல்லி, இன்னொரு துண்டை வாயில் திணித்தால்தான் அது விருந்து. ஆக்ரஹ் என்கிற அந்த வற்புறுத்தல் இல்லாமல் போடும் சோறு வெறும் தீனி. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றது சுலபமாகப் புரியும்.

எங்கள் ஆலையில் பிஸ்கட் உறைகளுக்கும் நம்கீன் மிக்சர் உறைகளுக்கும் அச்சடிக்கிறோம். மை காயும்போது அதில் கலந்த தின்னர் ஆவியாகிறது. அந்தக் காற்றை அப்படியே வெளியே விட்டால் வாபி ஊர் முழுக்கத் தலை சுற்றும். அதனால் எங்கள் இன்ஜினியர் பால்குனிபென் கொல்லையில் ஒரு பெரிய தொட்டி கட்டி, மரத்துண்டும் எருவும் நிரப்பி, கோடிக்கணக்கான கிருமிகளைக் குடியேற்றினார். ஆலைக் காற்று அடியிலிருந்து மேலேறும். வழியில் கிருமிகள் தின்னரைத் தின்றுவிடும். வெளியே வருவது மழை பெய்த மண்ணின் வாசனை. மரத்துண்டுகள் காயாமல் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

“இதுங்களுக்குத் தின்னர்தான் சோறு, ஹஸ்முக்பாய். வேற எதையும் கண்ணுல காட்டாதீங்க,” என்றார்.

தலையாட்டினேன். ஆனால் அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்தபோது ரொட்டி இறங்கவில்லை. பக்கத்தில் கோடிப் பேர் பெயின்ட் நாற்றத்தைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். நான் உருளைக்கிழங்கு தின்கிறேன்.

தீபாவளிக்கு ஆலையை மூடினார்கள். ஐந்தாம் நாள் வரும் லாபபஞ்சமி வரை அச்சு ஓடாது. அச்சு ஓடாவிட்டால் தின்னரும் இல்லை. கிருமிகள் அதுவரை பட்டினி தாங்கும் என்று சொல்லிவிட்டு பால்குனிபென் பாவ்நகருக்கு, அம்மா வீட்டுக்குப் போனார். ஊரே ஒருவர் வாயில் ஒருவர் இனிப்பு ஊட்டிக்கொண்டிருந்தது. நான் தெளிப்புத் தண்ணீரில் ஒரு கட்டி வெல்லம் கரைத்தேன். அவ்வளவுதான். மறுநாள் மரத்துண்டுகளுக்குள் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. திருப்தியாகச் சாப்பிட்டவரின் வயிறு அப்படித்தான் இருக்கும்.

ஆலை திறந்தபோது அவை தின்னரைத் தொடவில்லை. வெல்லம் கண்டவர்கள் தொடுவார்களா? நாற்றம் ஊருக்குள் போனது. ஒரு கல்யாண ஊர்வலத்தில் குதிரை பாதி வழியில் தும்மித் திரும்பி, மாப்பிள்ளையை அவர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டது. பெண் வீட்டார் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நான் வருந்துகிறேன்.

வெல்லத்தை அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஊட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொள்வது எங்கள் வழக்கமல்ல. என் மனைவி கோகிலா பாசுந்தி காய்ச்சிக் கொடுத்தாள். பிறகு கெட்டித் தயிரில் ஸ்ரீகண்ட். யாருக்கு இவ்வளவு என்று கேட்டாள். வேலை செய்யும் இடத்தில் நிறையப் பேர் என்றேன். அது பொய்யில்லை.

தொட்டி கொழகொழத்தது. காற்று நுழைய இடமில்லாமல் மோட்டார் முனகியது. பால்குனிபென் காரணம் தேடினார். சூடு அளந்தார், ஈரம் அளந்தார், எருவை மாற்றிப் பார்த்தார். அடுத்த சோதனையிலும் காற்று சுத்தமாக வராவிட்டால் வேலையை விட்டுப் போகவேண்டியதுதான் என்று ஆலை முதலாளி சேட் அவரிடம் சொல்லியிருந்தார். அவர் மெலிந்துகொண்டே போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. டீயும் டோக்ளாவும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ஹஸ்முக்பாய், நெஜத்தைச் சொல்லுங்க. தண்ணியில எதையாவது போட்டீங்களா?”

“சத்தியமா கெட்டது எதுவும் போடல, பென். நீங்க முதல்ல சாப்பிடுங்க.”

“இந்தத் தொட்டிகிட்ட வந்தாலே ஏலக்கா வாசனை அடிக்குது.”

“டீயில போட்டிருக்கேன்.”

அன்றிலிருந்து டீயிலும் போட்டேன்.

சோதனையில் காற்று தேறவில்லை. பால்குனிபென்னை அனுப்பிவிட்டார்கள். அவர் போன அன்று நான் வாசல்வரை கூடப் போனேன். வேண்டாம், வேண்டாம் என்று அழுதவரின் வாயில் மூன்று பேடா ஊட்டினேன். மூன்றாவதற்கு வாயில் இடமில்லை. கையில் வைத்து மூடினேன்.

பிறகு தொட்டியை மண்வெட்டியால் அள்ளிக் காலி செய்தார்கள். கோடிப் பேரும் போய்ச் சேர்ந்தார்கள். பசியோடு போனார்கள் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

பால்குனிபென்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள், சாகேப். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஹஸ்முக்தான் கொன்றான் என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘ஊட்டி’ என்ற வார்த்தையை முன்னால் சேர்த்தால் நல்லது.

இப்போது அதே இடத்தில் கரி நிரப்பிய உருளை நிற்கிறது. கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான், அதற்கு உயிரும் கிடையாது, பசியும் கிடையாது என்கிறீர்கள். எனக்கும் தெரியும். அப்படியானால் அதன் மூடிவரை எறும்பு ஏன் வரிசையாக ஏறுகிறது என்றுதானே முதலில் கேட்டீர்கள்.

சாகேப், அது ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.