பிறந்த இடம் தெரியாத கட்டி

"எங்க தொடங்குச்சுன்னு டாக்டருக்கே தெரியலையாம். ஆனா கரண்டு வைக்கிறாங்க."

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண்தான் அப்படிச் சொன்னாள். கரண்டு என்று அவள் சொன்ன கதிர்வீச்சில் அவள் கழுத்து கறுத்துப்போயிருந்தது.

"தெரியாம எப்படி புள்ள?" என்றாள் பக்கத்திலிருந்த மூத்தவள்.

"கழுத்து நெறிக்கட்டியில கேன்சர் இருக்குன்னு தெரியுதில்லக்கா. அது பொறந்த எடந்தான் கெடைக்கல. அதனால தொண்டைக்கும் சேத்து வைக்கிறாங்க. எங்க ஒளிஞ்சிருந்தாலும் படட்டும்."

"எச்சி முழுங்கவே அழுவுற. இன்னைக்கி போகாம இருந்திருக்கலாம்."

"நடுவுல விடக்கூடாதுக்கா. சாப்பாட்டையும் விடக்கூடாதாம்."

அவள் போத்தலைத் திறந்து ஒரு வாய் கஞ்சி குடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. மூத்தவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"எறங்கிருச்சுக்கா," என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய்க்குப் போத்தலைச் சாய்த்தாள்.