கிழக்கே பொங்கிய பால்

தேனியிலிருந்து ஜெயமங்கலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னாள்: "அல்லிநகரத்துல யாரோ வீட்டுல போயி பால் காச்சிட்டு வந்திருக்கோம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்:

"ஆடி பொறந்துரும், பத்திரம் பெறகு போட்டுக்கலாம், மொதல்ல பாலக் காச்சுங்கன்னு வீட்ட விக்கிறவுகதான சொன்னாக."

"சொன்னாக. இப்ப வேற ஆளுக்கு எழுதிக் குடுத்துட்டாக" என்றார் அவர்.

"சொந்தபந்தம் பூராம் வந்து சாப்புட்டுப் போச்சு. எப்பக் குடி போறீகன்னு கேப்பாகளே."

அந்த வீட்டிலிருந்து திருப்பி எடுத்து வந்த பால் பானை அவள் மடியில் இருந்தது. அவர் அதைப் பார்த்துக் கேட்டார்.

"பால் கெழக்க பாத்துத்தான பொங்குச்சு?"

"கெழக்கதான். நமக்குன்னு நெனச்சு நாந்தான் கொலவ போட்டேன்."