மூலைக்கு ஒரு மேடை

என் முறை வருமுன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! காதில் பஞ்சு வைத்துக்கொண்டாவது வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைத் தேடி வந்து பாட்டில் சிக்கிக்கொண்ட தாய்மார்களே! நிற்க இடமில்லாவிட்டாலும் ஆட இடம் பிடித்துவிட்ட இளைஞர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த ராக் இசைக்குழுவின் ஆண்டு விழாவில் வாழ்த்திப் பேச என்னை அழைத்தார்கள். பாடகி என் மகள். ஒத்திகை நடப்பது என் வீட்டு மாடியில். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் மேடைக்குப் பின்னால் ஒரு செய்தி காதில் விழுந்தது. நாளை தொடங்கும் சுற்றுப்பயணத்தில் கீபோர்டு கலைஞர் இல்லையாம்! அவர் வாசித்ததைக் கணினியில் ஏற்றிக்கொண்டார்களாம், அதுவே போதுமாம்! அவரையே கேட்டேன். "விடுங்கம்மா, அதுலயும் நான்தானே வாசிச்சிருக்கேன்" என்றார். அப்போதிலிருந்து என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

போதுமா? யாருக்குப் போதும்? எதற்குப் போதும்?

"பாட்டு போடுங்கம்மா!" என்கிறாயா, பின்வரிசைத் தம்பி? போடுவார்கள். அந்தப் பாட்டு எங்கே பிறக்கிறது என்று கேட்டுவிட்டு ஆடு.

நான் கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் பியானோ பயின்றவள். தவறான ஸ்வரம் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டு மாடி ஏறுபவள். இந்தக் குழுவில் என்னிடம் திட்டு வாங்காதவர் அந்தக் கீபோர்டு கலைஞர் ஒருவர்தான். என் மகள்கூடத் தப்பியதில்லை. அவரை இவர்கள் 'மூலை' என்று அழைக்கிறார்கள். வெளிச்சம் கிட்டாருக்கு, புகை டிரம்ஸுக்கு, மூலை இவருக்கு!

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாட்டைத் தொடங்க யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. மூலையின் இடக்கை நான்கு கட்டைகளைத் தொடும். அதைக் கேட்டு மற்றவர்கள் நுழைவார்கள். ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில் கிட்டார் தம்பி ஒலி அமைப்பாளரிடம், "அண்ணே, எனக்கு என் கிட்டார் நல்லா கேக்கணும். அந்த கீபோர்டைக் கொஞ்சம் அமுக்குங்க" என்றார். அவரோ அடியோடு அமுக்கிவிட்டார். விளக்கு எரிந்தது. மூலை வாசித்தார். ஒருவருக்கும் கேட்கவில்லை. டிரம்மர் கிட்டாரைப் பார்க்க, கிட்டார் என் மகளைப் பார்க்க, மகள் வானத்தைப் பார்க்க, கூட்டமே இவர்களைப் பார்க்க!

மூலை கத்தினாரா? கோபித்தாரா? டிரம்மரின் காதருகே குனிந்து அந்த நான்கு ஸ்வரங்களையும் வாயாலேயே பாடினார். பாட்டு பிறந்தது! மறுநாள் பேட்டியில் கிட்டார் தம்பி, "அந்த மௌனம் என் ஐடியாதான்" என்றார். சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கணவர் மறைந்தபின் என் மகள் முதன்முதலாக மேடையேறிய மாலை. சரணத்தின் நடுவே அவள் குரல் அடைத்துக்கொண்டது. அடுத்த வரி வரவில்லை. மூலை அவளைத் திரும்பிப் பார்த்தார். வாசித்த அடியையே மீண்டும் வாசித்தார். மீண்டும், சற்றே மாற்றி. மீண்டும், இன்னும் மெல்ல. கூட்டத்துக்கு அது பாட்டின் அழகாகவே பட்டது. அவள் மூச்சு திரும்பும்வரை அந்த அடியை அணையாமல் காத்தார், திரும்பியதும் வழிவிட்டார். கைதட்டல் முழுதும் அவளுக்குப் போனது. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

எனக்கு இருக்கிறது! கணினி திரும்பிப் பார்க்குமா? கணினி காத்திருக்குமா? கண்கலங்கியவளைக் கண்டு கணினி கை மாற்றி வாசிக்குமா?

"ஆன்ட்டி, இதெல்லாம் நாங்க உள்ள பேசிக்குவோம்" என்கிறார் கிட்டார் தம்பி. என் மாடியில் ஜன்னல் அதிரப் பேசும் நீங்கள், இதை மட்டும் ஏனப்பா குசுகுசுவென்று பேசினீர்கள்?

மகளே, நீ ஏன் தரையைப் பார்க்கிறாய்? அவர்கள் முடிவெடுத்தபோதும் இப்படித்தான் நின்றாயா?

என்ன? உரக்கச் சொல்.

"மூலை வரலைன்னா நானும் வரலைம்மா."

கேட்டீர்களா, அவையோரே! தட்டுங்கள், இன்னும் தட்டுங்கள்!

இதோ, கிட்டார் தம்பி என்னைக் கும்பிடுகிறார். "சரி ஆன்ட்டி, அவரும் வர்றாரு. நீங்க இறங்குங்க, ப்ளீஸ்!" இறங்குகிறேன், தம்பி. ஆனால் என் காதில் சொன்னதை மைக்கில் சொல். பிடி.

சொல்லிவிட்டார். இத்தனை பேர் சாட்சி.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமை போயும் போகாமல் நின்றவர்களுக்கு இன்னும் பெரிய நன்றி. வாழ்க இந்தக் குழு, ஒருவர்கூடக் குறையாமல்! வணக்கம்.